இவரை யார் பிடிப்பது? ஜார்ஜியாவில் ப்ராக் பௌவர்ஸின் மூன்று சீசன்கள்

2022 செப்டம்பர் 24, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரின் சான்ஃபோர்ட் ஸ்டேடியம். கல்லூரி அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால், ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு எதிரே கென்ட் ஸ்டேட். ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே 19ஆம் நம்பர்காரர் ஸ்னாப்புக்கு, அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கும் கணத்துக்கு, ஒரு நொடி முன்னால் பக்கவாட்டில் ஓட ஆரம்பித்தார். கடந்துபோகும்போது, தாக்குதலை நடத்திப் பாஸ் வீசும் குவார்ட்டர்பேக் பந்தை அவர் வயிற்றோடு அணைத்துக் கொடுத்தார். வரிசையின் ஓரத்தைச் சுற்றித் திரும்பியவர் 75 கெஜம் ஓடி எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனில்தான் நின்றார். அதுதான் டச்டவுன். ‘ஜெட் ஸ்வீப்’ எனப்படும் இந்த ஆட்டத்தை வழக்கமாக அணியிலேயே வேகமான, ஒல்லியான ரிசீவருக்குத்தான், அதாவது பாஸ் பிடிக்கும் ஆளுக்குத்தான், எழுதிவைப்பார்கள். ஓடியவரோ 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு டைட் எண்ட்.

ப்ராக் பௌவர்ஸ் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு 2021 முதல் 2023 வரை மூன்று சீசன் ஆடினார். 40 ஆட்டங்களில் 175 கேட்ச், 2,538 கெஜம், 26 டச்டவுன். பந்தைக் கையில் வாங்கி ஓடியது 19 முறைதான், அதிலும் 193 கெஜமும் 5 டச்டவுனும் வந்தன. கல்லூரி ஆட்டத்தின் சிறந்த டைட் எண்டுக்குத் தரும் ஜான் மேக்கி விருதை 2022, 2023 என இரண்டு முறை வாங்கினார். 2000இல் தொடங்கிய அந்த விருதை இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் இவர்தான். எண்கள் பெரியவை. ஆனால் அவற்றை மட்டும் படித்தால், எதிரணி கோச்சுகளுக்கு இவர் ஏன் தலைவலியானார் என்பது பிடிபடாது. ஸ்னாப்புக்கு முன்பே, யாரைக் களத்தில் இறக்குவது என்ற இடத்திலேயே எதிரணியைத் தப்புப் பண்ண வைத்ததுதான் இவருடைய மதிப்பு.

டைட் எண்ட் எங்கே நிற்கிறார்

அமெரிக்கன் ஃபுட்பாலில் தாக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர் நடுவே நிற்கும் லைன்மேன்கள். பாஸைப் பிடிக்க இவர்களுக்கு அனுமதி இல்லை. 50 முதல் 79 வரையிலான சட்டை நம்பர்களே அதைச் சொல்லிவிடும். வரிசையின் இரண்டு கோடிகளில் நிற்பவர்களும், வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களும் பாஸ் பிடிக்கலாம். லைன்மேனுக்குப் பக்கத்தில், கையைத் தரையில் ஊன்றி, கோடியில் நிற்பவர்தான் டைட் எண்ட். அடுத்த நொடியில், எதிரணி வரிசையின் கோடியில் நிற்கும் 120 கிலோ டிஃபென்சிவ் எண்டை நெஞ்சோடு நெஞ்சு முட்டித் தள்ளுவாரா, நழுவிப் போய் பாஸ் பிடிப்பாரா என்பது எதிரணிக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம்தான் இந்த இடத்தின் மூலதனம்.

இதில் எளிதாக நடக்கும் ஒரு தவறு உண்டு. டைட் எண்டுக்கு வெளியே நிற்கும் வைட் ரிசீவர் ஒரு கெஜம் பின்தள்ளி நிற்க மறந்து வரிசையிலேயே நின்றுவிட்டால், கோடி ஆள் அவராகிவிடுவார். டைட் எண்ட் ‘மூடப்பட்டு’, பாஸ் பிடிக்கும் உரிமையை இழப்பார். பிறகு அவர் பாஸ் ஓட்டம் ஓடிப் பந்து முன்னே வீசப்பட்டால் 5 கெஜ அபராதம். டிவியில் ரிசீவர் லைன் நடுவரைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். வரிசையில் நிற்கிறேனா, பின்னால் நிற்கிறேனா என்று உறுதிசெய்துகொள்ளும் சைகை அது.

கோச்சுகளின் பேச்சில் டைட் எண்ட் இரண்டு வகை. வரிசையில் கை ஊன்றி நிற்பவர் ‘ஒய்’. வரிசைக்கு ஒரு கெஜம் பின்னால் நின்று இங்குமங்கும் நகர்பவர் ‘எச்’ அல்லது ‘எஃப்’. பௌவர்ஸ் அடிப்படையில் இரண்டாம் வகை. அதோடு ஸ்லாட்டில், அதாவது லைன்மேனுக்கும் வெளி ரிசீவருக்கும் நடுவே, நிற்பார், வெளிக்கோட்டருகே தனியாக நிற்பார், சில நேரம் பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் இடத்திலும் நிற்பார்.

நாபாவிலிருந்து ஏதென்ஸுக்கு

திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன கலிஃபோர்னியாவின் நாபா நகரம் இவருடைய ஊர். 2002 டிசம்பர் 13 பிறந்த நாள். அப்பா யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் ஆடியவர், அம்மா அங்கேயே சாஃப்ட்பால் ஆடியவர். கல்லூரி அணிகள் ஆள் எடுக்கும் மிக முக்கியமான காலம் இவருக்குக் கோவிட் காலமாக அமைந்தது. 2020 இலையுதிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் பள்ளி ஆட்டங்களே நடக்கவில்லை. கடைசி வருட வீடியோ இல்லாத ஒருவரை, முந்தைய வருட ஆட்டங்களை மட்டும் பார்த்து எடுக்கவேண்டிய நிலை. ஜார்ஜியாவின் டைட் எண்ட் கோச் டாட் ஹார்ட்லி பின்னாலேயே நின்று இவரைப் பிடித்தார். பௌவர்ஸ் 2021 ஜனவரியிலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டார். முதல் சீசனிலேயே ஆட நினைப்பவருக்கு இந்த ஐந்தாறு மாத முன்தொடக்கம் பெரிய விஷயம். வசந்தகாலப் பயிற்சி முழுக்கக் கிடைக்கும். டைட் எண்டுக்கு ஓட்டத்தடுப்பு, பாஸ் பாதுகாப்பு, பாஸ் ஓட்டம் என மூன்று பாடங்கள் இருப்பதால் மற்ற இடங்களைவிட மனப்பாட வேலை அதிகம்.

வாய்ப்பும் கூடிவந்தது. முதன்மை ரிசீவர் ஜார்ஜ் பிக்கென்ஸ் 2021 மார்ச்சில் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்தார். 6 அடி 7 அங்குல உயரமுள்ள டைட் எண்ட் டார்னெல் வாஷிங்டன் பாதக் காயத்தால் தொடக்க ஆட்டங்களில் இல்லை. செப்டம்பர் 4 அன்று ஷார்லட்டில் கிளெம்ஸனை ஜார்ஜியா 10-3 என்று வென்ற ஆட்டத்தில், அணியிலேயே அதிகம் பந்து பிடித்தவர் கல்லூரிக்கு வந்து எட்டே மாதமான பௌவர்ஸ்தான். 6 கேட்ச், 43 கெஜம். சுமாரான எண்தான். ஆனால் அன்றைய கிளெம்ஸன் டிஃபென்ஸுக்கு எதிரே, டச்டவுன் போடத் தெரியாமல் இரண்டு அணியின் தாக்குதலும் திணறிய ஆட்டம் அது.

ஒரு வாரம் கழித்து யூஏபி அணிக்கு எதிரே ஸ்டெட்ஸன் பென்னட் போட்ட பாஸை 89 கெஜ டச்டவுனாக்கினார். அன்றைக்கு மூன்றே கேட்சில் 107 கெஜம். அந்த சீசன் முடியும்போது கணக்கு 56 கேட்ச், 882 கெஜம், 13 டச்டவுன். ஒரே சீசனில் 13 பாஸ் டச்டவுன் என்பது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சாதனை. அதை வைத்திருப்பவர் ஒரு ரிசீவர் இல்லை, டைட் எண்ட். அதுவும் முதல் வருட மாணவர்.

அந்த டிசம்பரில், ஜார்ஜியா ஆடும் எஸ்இசி கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் அலபாமாவிடம் ஜார்ஜியா 41-24 என்று தோற்றது. பௌவர்ஸுக்கு 10 கேட்ச், 139 கெஜம். ஐந்து வாரம் கழித்து, 2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபொலிஸில் அதே அலபாமாவோடு தேசிய சாம்பியன்ஷிப். இந்த முறை கண்காணிப்பு பலமாக இருந்தது, 4 கேட்சில் 36 கெஜம்தான். ஆனால் நான்காம் குவார்ட்டரில் 3 நிமிடம் 33 நொடி மிச்சமிருக்கும்போது ஒரு குட்டிப் பாஸை வாங்கி 15 கெஜம் ஓடிப் போட்ட டச்டவுன் ஸ்கோரை 26-18 ஆக்கியது. கடைசியில் 33-18. ஜார்ஜியாவுக்கு 41 வருடத்துக்குப் பிறகு வந்த பட்டம். சீசன் முடிந்ததும் பௌவர்ஸ் தோள்பட்டை மூட்டைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பின் கிழிசலுக்கு அறுவை செய்துகொண்டார். 2022 வசந்தகாலப் பயிற்சியில் அவர் இல்லை.

‘12’ என்ற கணக்கு

ஜார்ஜியாவின் 2022 தாக்குதலைப் புரிந்துகொள்ள ஒரு எண் போதும். களத்தில் இருக்கும் ஆட்களை இரண்டு இலக்கத்தில் குறிப்பார்கள். முதல் இலக்கம் ரன்னிங் பேக்குகள், இரண்டாவது டைட் எண்டுகள், மிச்சம் வைட் ரிசீவர்கள். ‘11’ என்றால் ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், மூன்று ரிசீவர். இன்றைக்குப் பெரும்பாலான அணிகள் அதிக நேரம் ஆடுவது இதைத்தான். ‘12’ என்றால் ஒரு ரன்னிங் பேக், இரண்டு டைட் எண்ட், இரண்டு ரிசீவர்.

தாக்கும் அணி ஆளை மாற்றினால் டிஃபென்ஸும் மாற்ற வேண்டும். இரண்டு டைட் எண்ட் இறங்கினால் ஓட்டம் வரும் என்று கருதி, முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் மூவரைக் கொண்ட கனமான அமைப்பை இறக்குவது வழக்கம். ஜார்ஜியாவிடம் ஒரு பக்கம் 120 கிலோ வாஷிங்டன், கிட்டத்தட்ட ஆறாவது லைன்மேன். இன்னொரு பக்கம் பௌவர்ஸ். கனமான அமைப்பு வந்தால், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் டாட் மாங்கன் பௌவர்ஸை வெளியே நிறுத்துவார். துரத்தவேண்டியவர் லைன்பேக்கர், ஓட்டத்தில் ஈடுகொடுக்க முடியாது. அதைப் பார்த்து ஒரு லைன்பேக்கரை எடுத்துவிட்டு ஐந்தாவது பின்கள ஆளாக நிக்கல் பேக்கை இறக்கினால், அவர் எடை 85 கிலோ. உடனே பௌவர்ஸ் வரிசைக்கு வந்துவிடுவார், வாஷிங்டன் பக்கமாகப் பந்து ஓடும். எதை இறக்கினாலும் கை கடிக்கும். ஆல்ரவுண்டர் இருக்கும் கிரிக்கெட் அணி பன்னிரண்டு பேரோடு ஆடுவதுபோல என்று சொல்லலாம், இங்கே அந்தப் பன்னிரண்டாவது ஆள் ஒவ்வொரு பந்துக்கும் இடம் மாறுகிறார்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆள் மாற்றாமலே அமைப்பை மாற்ற வேண்டும். விதிப்படி தாக்கும் அணி ஆள் மாற்றினால், டிஃபென்ஸும் மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் கொடுப்பார். அதே 11 பேரோடு விறுவிறுவென்று அடுத்த ஆட்டத்துக்கு வந்தால் அந்த நேரம் கிடையாது. ஒருமுறை தப்பான ஆட்களோடு மாட்டிக்கொண்ட டிஃபென்ஸ், பந்து நிற்கும்வரை அதே ஆட்களோடு அவதிப்பட வேண்டியதுதான்.

ஒரே அசைவில் மூன்று ஆட்டத்தை எப்படி ஒளித்துவைப்பார்கள் என்று பாருங்கள். பௌவர்ஸ் இடது பக்கம், வரிசைக்கு ஒரு கெஜம் பின்னால் நிற்கிறார். பந்து இடது பக்கம் ஓடுவதுபோல் லைன்மேன்கள் எல்லாரும் இடப்பக்கம் ஒரு அடி எடுத்துவைக்கிறார்கள்.

முதல் முறை, பௌவர்ஸ் பார்ப்பது வலது கோடியில் தடுக்கப்படாமல் விடப்பட்ட டிஃபென்சிவ் எண்டை. லைனுக்குப் பின்னாலேயே குறுக்கே ஓடிவந்து அவரை உள்ளிருந்து வெளியே இடித்துத் தள்ளுகிறார். ரன்னிங் பேக் அந்த இடைவெளியில் நுழைகிறார். இதை ‘ஸ்ப்ளிட் ஸோன்’ என்பார்கள். இதில் எங்கே பிசகும்? முதல் அடியைப் பெரிதாக வைத்தால் எண்டை முன்பக்கமிருந்து சந்திக்க நேரும், கோணம் போய்விடும். கை எதிராளியின் தோளுக்கு வெளியே போனால் சட்டையைப் பிடித்தது போலாகி 10 கெஜ அபராதம். கை உள்ளே, நெஞ்சுக் கவசத்தில், முழங்கை விலாவோடு. அதுதான் பாடம்.

இரண்டாவது முறை அதே ஓட்டம். எண்ட் இடியை எதிர்பார்த்துத் தோளைத் தாழ்த்துகிறார். பௌவர்ஸ் இடிக்காமல் அவர் மூக்கு நுனியில் நழுவி வெளியே போகிறார். குவார்ட்டர்பேக் ஓட்டம் கொடுப்பதுபோல் ஏமாற்றி, ஐந்து கெஜத்துக்கு ஒரு குட்டிப் பாஸ். அங்கே ஆளே இருக்கமாட்டார்கள்.

மூன்றாவது முறை, ஸ்னாப்புக்கு முன்பே அந்த ஓட்டம் தொடங்குகிறது, பந்து அவர் கையிலேயே வருகிறது. கென்ட் ஸ்டேட்டிடம் 75 கெஜம் போனது இப்படித்தான். இங்கே கவனிக்கவேண்டியது காலக்கணக்கு. ஸ்னாப் நேரத்தில் ஒருவர் மட்டுமே நகரலாம், அதுவும் பக்கவாட்டில் அல்லது பின்னோக்கி. பந்து நகரும் முன் அரை அடி முன்னோக்கிச் சாய்ந்தாலும் 5 கெஜம் போச்சு.

கல்லூரி ஆட்டத்தின் களமும் இவருக்குச் சாதகமாக அமைந்தது. களத்தின் அகலம் 160 அடி. பந்தை வைக்கும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே கல்லூரியில் 40 அடி இடைவெளி, தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த அகலப் பக்கத்தில் ஜெட் ஸ்வீப்போ, தடுப்பவர்களை முன்னால் விட்டுப் பின்னால் பிடிக்கும் ஸ்க்ரீன் பாஸோ போட்டால் ஒரு நல்ல பிளாக் போதும், பிறகு இரண்டு பேரைக் கடந்தால் போதும். ஸ்க்ரீனுக்கு இன்னொரு கல்லூரி விதியும் துணை. வரிசைக்குப் பின்னாலேயே பிடிக்கப்படும் பாஸ் என்றால், பந்து வரும் முன்பே முன்னால் போய்த் தடுக்கலாம், அபராதம் இல்லை. வாஷிங்டன் முன்னால் போய் ஓரத்தில் காவல் நிற்கும் 85 கிலோ கார்னர்பேக்கைத் துடைத்துவிட, பின்னால் பௌவர்ஸ் ஓடிவரும் காட்சி அந்த வருடம் அடிக்கடி வந்தது.

அந்த சீசனில் தனியாக நினைவில் நிற்கும் ஒரு கேட்ச் ஜாக்ஸன்வில்லில் ஃப்ளோரிடாவுக்கு எதிரே வந்தது. பென்னட்டின் பாஸை லைன்பேக்கர் அமாரி பர்னி கைநீட்டித் தட்டிவிட்டார். திசைமாறி எகிறிய பந்தைப் பௌவர்ஸ் தடுமாறியபடியே தட்டித் தட்டிக் கைக்குள் கொண்டுவந்து, 73 கெஜ டச்டவுனாக்கினார். இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கலாம். ஆனால் பந்து தட்டுப்பட்டதும் பெரும்பாலான ரிசீவர்கள் அது போயிற்று என்று விட்டுவிடுவார்கள், எதிராளிகளும் கண்ணைப் பந்திலிருந்து எடுப்பார்கள். அன்றைக்கு அவர் 5 கேட்சில் 154 கெஜம்.

ஜார்ஜியா அந்த வருடம் 15 ஆட்டத்திலும் வென்றது. 2023 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே சோஃபை ஸ்டேடியத்தில் டெக்ஸஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக (டிசியூ) அணியை 65-7 என்று நசுக்கிய இறுதி ஆட்டத்தில் பௌவர்ஸுக்கு 7 கேட்ச், 152 கெஜம், ஒரு டச்டவுன். மூன்று லைன்மேன், மூன்று லைன்பேக்கர், ஐந்து பின்கள ஆட்கள் என்று ஆடும் டிசியூவின் மெலிந்த அமைப்பால் இரண்டு டைட் எண்டைத் தாங்க முடியவில்லை. சீசன் கணக்கு 63 கேட்ச், 942 கெஜம், 7 டச்டவுன், கூடவே 9 ஓட்டத்தில் 109 கெஜம், 3 டச்டவுன்.

எண் குறைந்தது, ஆட்டம் கூடியது

2023இல் 56 கேட்ச், 714 கெஜம், 6 டச்டவுன். முதல் பார்வையில் சரிவு. கேட்சுக்குக் கெஜக் கணக்கு பார்த்தால் இன்னும் மோசம்: 2021இல் 15.8, 2022இல் 15.0, 2023இல் 12.8. ஆனால் முதல் இரண்டு சீசனிலும் அவர் 15 ஆட்டம் ஆடினார், மூன்றாவதில் 10தான். ஆட்டத்துக்கு என்று வகுத்தால் படம் தலைகீழ். 2021இல் ஆட்டத்துக்கு 59 கெஜம், 2022இல் 63, 2023இல் 71. கேட்சுகள் 3.7, 4.2, 5.6.

காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மாங்கன் பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போய்விட்டார், பொறுப்பு மைக் போபோவிடம் வந்தது. பென்னட்டும் வாஷிங்டனும் என்எஃப்எல்லுக்குப் போனார்கள். புதுக் குவார்ட்டர்பேக் கார்ஸன் பெக். நம்பிக்கையான ரிசீவர் லேட் மெக்கொங்கி முதுகுப் பிரச்சினையால் தொடக்க ஆட்டங்களில் இல்லை. டிஃபென்ஸ்கள் மொத்தக் கண்ணையும் பௌவர்ஸ் மேல் வைத்தன. புதியவர் பெக்குக்கு உள்ள நம்பகமான வழியும் அவர்தான். ஆகவே தூரப் பாஸ் குறைந்தது, கிட்டப் பாஸ் பெருகியது. கேட்சுக்கான சராசரி விழுந்ததும் மொத்தச் சுமை ஏறியதும் ஒரே காரணத்தால்தான்.

தொடர்ந்து மூன்று ஆட்டம் பாருங்கள்: யூஏபியோடு 121 கெஜம், ஆபர்னோடு 157, கென்டக்கியோடு 132. நடுவில் உள்ளதுதான் முக்கியம். செப்டம்பர் 30, ஆபர்னின் சொந்த மைதானம். ஜார்ஜியா 10-0 என்று பின்தங்கி, கடைசிக் கட்டத்தில் 20-20 என்ற சமநிலையில் தோல்வியின் விளிம்பில் நின்றது. 2 நிமிடம் 52 நொடி மிச்சமிருக்க, பெக்கின் பாஸை வாங்கி 40 கெஜ டச்டவுன். ஆட்டம் 27-20. பந்து யாருக்கு வரும் என்று ஸ்டேடியத்துக்கே தெரிந்த நாளில் 8 கேட்ச்.

அடுத்த இரண்டாவது வாரம், அக்டோபர் 14, வாண்டர்பில்ட் ஆட்டத்தில் கணுக்கால் மடங்கியது. சாதாரணச் சுளுக்கு கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநாரில் வரும். இது ‘உயர் கணுக்கால்’ சுளுக்கு. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளான டிபியாவையும் ஃபிபுலாவையும் கணுக்காலுக்குச் சற்று மேலே சேர்த்துக் கட்டும் திசுக்கள் கிழிவது. பாதத்தை ஊன்றி உடம்பைத் திருப்பும்போதெல்லாம் அந்த எலும்புகள் பிரியப் பார்க்கும். பாஸ் ஓட்டத்தில் வெட்டித் திரும்புவதும், பிளாக்கில் காலை ஊன்றித் தள்ளுவதும் அதே அசைவுதான். டைட் எண்டுக்கு இதைவிடக் கெட்ட இடத்தில் காயம் வராது.

இரண்டு நாளில் ‘டைட்ரோப்’ முறையில் அறுவை செய்தார்கள். இரண்டு எலும்பிலும் குறுக்கே ஒரு மெல்லிய துளை. அதன் வழியே பலமான நூல், இரு முனையிலும் சின்ன உலோகப் பொத்தான். நூலை இறுக்கினால் எலும்புகள் தத்தம் இடத்தில் நிற்கும். பழைய முறையில் திருகாணி போடுவார்கள். அது எலும்பை அசையவே விடாது, பெரும்பாலும் பிறகு கழற்றவும் வேண்டும். நூல் லேசாக நெகிழும் என்பதால் மூட்டு இயல்பாக அசைந்தபடியே ஆறும். அலபாமாவின் டுவா டகோவைலோவா இதே முறையில் 2018 டிசம்பரில் நான்கு வாரத்துக்குள் திரும்பியிருந்தார், அதனால் ஜார்ஜியாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. பௌவர்ஸ் ஃப்ளோரிடா, மிசௌரி என்று இரண்டு ஆட்டம்தான் தவறவிட்டார். நவம்பர் 11 அன்று ஓல் மிஸ் ஆட்டத்தில் வந்து ஒரு டச்டவுனும் போட்டார்.

விலை இல்லாமல் இல்லை. டென்னஸ்ஸி ஆட்டத்தில் 7 கேட்சில் 60 கெஜம், அடுத்த ஜார்ஜியா டெக் ஆட்டத்தில் ஓய்வு. டிசம்பர் 2 அன்று எஸ்இசி இறுதியில் அலபாமா 27-24 என்று வென்று, ஜார்ஜியாவின் 29 ஆட்ட வெற்றித்தொடரை முடித்தது. அங்கே பௌவர்ஸுக்கு 5 கேட்ச், 53 கெஜம். பந்தைப் பிடித்தபின் ஓடும் ஓட்டம்தான் அவர் தொழில், கணுக்கால் ஆறிக்கொண்டிருக்கும்போது முதலில் போவதும் அதுதான். சீசனின் கடைசி ஆட்டமான ஆரஞ்ச் பௌலில் ஆடவில்லை. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆனால்தான், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டுக்குப் போகலாம் என்பது விதி. அவருக்கு ஆகியிருந்தது, கிளம்பிவிட்டார்.

டிராஃப்டில் எழுந்த சந்தேகங்கள்

அளந்தபோது 6 அடி 3 அங்குலம், 243 பவுண்டு, அதாவது 110 கிலோ. டைட் எண்டுக்கு இது சற்றுச் சின்ன உடம்பு. பாஸ் ஓட்டத்தில் யாரும் குறை சொல்லவில்லை. கேள்வி எல்லாம் வரிசையில் கை ஊன்றி நின்றால் என்எஃப்எல் எண்டுகளைத் தாங்குவாரா என்பதுதான். நகர்ந்து வந்து இடிப்பதில் கெட்டிக்காரர், நின்ற இடத்திலிருந்து பெரிய ஆளைத் தள்ளுவதில் சராசரி. இது நியாயமான கணிப்பு என்றே படுகிறது. ஜார்ஜியாவில் அந்த வேலையை வாஷிங்டன் செய்ததால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. தொடைத்தசைப் பிரச்சினையால் 40 கெஜ ஓட்டத்தையும் அவர் ஓடிக்காட்டவில்லை.

பணக்கணக்கு இன்னொன்று. டைட் எண்டுக்கான சம்பளத் தட்டு ரிசீவரைவிடத் தாழ்ந்தது. 2014இல் நியூ ஆர்லின்ஸின் ஜிம்மி கிரஹாம், ‘பெரும்பாலும் நான் ஸ்லாட்டிலும் வெளியிலும்தான் நிற்கிறேன், ஆகவே ரிசீவர் சம்பளம் கொடுங்கள்’ என்று வாதாடினார். டைட் எண்டுக்கான தொகை சுமார் 70 லட்சம் டாலர், ரிசீவருக்கு 1.23 கோடி டாலர். லைனின் கோடி லைன்மேனான டேக்கிளிலிருந்து நான்கு கெஜத்துக்குள் ஸ்லாட்டில் நின்றால் அதுவும் டைட் எண்ட் வேலைதான் என்று தீர்ப்பாளர் முடிவு செய்தார். இந்த இடத்தில் நல்ல ஆளை எடுத்தால் அணிக்கு லாபம். ஆனால் சந்தையே குறைவாக மதிப்பதால், முதல் பத்துக்குள் எடுக்கப் பொது மேலாளர்கள் தயங்குகிறார்கள். 2021இல் நான்காவதாகப் போன கைல் பிட்ஸ்தான் இதுவரை உச்சம். கொடுத்த இடத்துக்கு ஏற்ற ஆட்டத்தை அவர் தொடர்ந்து ஆடாததும் எல்லாருக்கும் நினைவிருந்தது.

2024 டிராஃப்டில் முதல் 14 பேருமே தாக்குதல் ஆட்கள், முதல் 12இல் ஆறு பேர் குவார்ட்டர்பேக். அந்த நெரிசலில் பௌவர்ஸ் 13ஆவதாக லாஸ் வேகஸ் ரெய்டர்ஸிடம் போய் விழுந்தார். அவர்களிடம் முந்தைய வருடம் இரண்டாம் சுற்றில் எடுத்த டைட் எண்ட் மைக்கேல் மேயர் ஏற்கெனவே இருந்ததால், இவர் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஜார்ஜியாவின் இரண்டு சீசனைப் பார்த்தவர்கள் கேட்கவில்லை.

ரெய்டர்ஸ் அந்த வருடம் 4 வெற்றி, 13 தோல்வி. மூன்று குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி ஆடினார்கள். அதற்கு நடுவே பௌவர்ஸ் 112 கேட்ச் பிடித்தார், எந்த இடத்து ஆட்டக்காரரானாலும் அறிமுக சீசனில் அதுதான் என்எஃப்எல் உச்சம். 2023இல் பூக்கா நாக்குவா வைத்த 105 போயிற்று. 1,194 கெஜம் என்பது, அறிமுக டைட் எண்டுகளில் மைக் டிட்கா 1961இல் வைத்து 63 வருடம் நின்ற 1,076ஐத் தாண்டியது. கேட்சுக்குக் கெஜம் இன்னும் இறங்கி 10.7. ஆடிய நிலைமை 2023இன் நீட்சிதான்: தடுமாறும் குவார்ட்டர்பேக், கிட்டப் பாஸ், எல்லாரும் அறிந்த ஒரே வழி.

சாதனைப் பட்டியலில் சேராத ஒரு கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். டிட்கா 14 ஆட்டத்தில் 56 கேட்சில் அந்த 1,076 கெஜத்தை எடுத்தார். பௌவர்ஸுக்கு 17 ஆட்டம் கிடைத்தது. ஆட்டத்துக்கு என்று வகுத்தால் டிட்காவுக்கு 77 கெஜம், பௌவர்ஸுக்கு 70.